நனையாத டயப்பர்

ஏப்ரல் 12

விரிப்பு நான்கு. ரப்பர் ஷீட் இரண்டு. வேட்டி மூன்று. மதியத்துக்குள்.

கொடியில் இடமில்லை. மிச்சத்தை முருங்கைக் கிளையில் போட்டேன். பக்கத்து வீட்டு ஞானம்மாள் அக்கா சுவருக்கு மேலாகப் பார்த்துவிட்டு, "இன்னைக்குமா?" என்றாள்.

அப்பாவுக்கு ஜனவரியில் பக்கவாதம். வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சு குழறுகிறது, குத்தல் மட்டும் தெளிவாக வருகிறது. சிறுநீர் வருவது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் நிறுத்த முடியாது. அம்மா இறந்து ஐந்து வருடம். அண்ணன் அய்யாத்துரை மஸ்கட்டில். நான் திருநெல்வேலியில் விடுதி அறையைக் காலி செய்துவிட்டு இரண்டு பை புத்தகங்களோடு விளாத்திகுளத்துக்கு வந்துவிட்டேன்.

ஆய்வேட்டைக் கொடுக்க ஜூன் பத்து கடைசி நாள். ஏற்கெனவே இரண்டு தடவை நீட்டிப்பு வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது என்று நெறியாளர் சொல்லிவிட்டார்.

இது ஆய்வுக் குறிப்புகளுக்காக வாங்கிய நோட்டு.

ஏப்ரல் 13

டயப்பர் இரண்டு மணி நேரம் தாங்குகிறது. இரண்டு மணி நேரத்தில் ஒரு பத்தி. மாற்றிவிட்டு வந்து படித்தால் அந்தப் பத்தியும் உருப்படியில்லை.

ஏப்ரல் 15

அண்ணன் வீடியோவில் வந்தான். அதற்காக அப்பாவுக்குச் சட்டை போட்டு, தலை சீவி, தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தேன். "நல்லாத்தான இருக்காரு" என்றான். இடுப்புக்குக் கீழே கேமரா போகாது.

போனை அடுப்படிக்கு எடுத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவன் உடனே யூட்யூபில் தேடினான். பூஸ்டர் பேட் என்று ஒன்று இருக்கிறதாம். டயப்பருக்கு உள்ளே கூடுதலாக ஒரு பேட். இரண்டு மடங்கு நேரம் தாங்குமாம். "இது கூடத் தெரியாமயா இவ்வளவு நாளா கஷ்டப்படுத?" என்றான்.

போனை அவன் வைக்கட்டும் என்று காத்திருந்தேன்.

ஏப்ரல் 16

மருந்துக்கடையில் பூஸ்டர் இருக்கிறதா என்று கேட்டேன். அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "தடுப்பூசியெல்லாம் இங்க போடுறதில்லையேம்மா. ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார். பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். யாருக்கு, எதற்கு என்று அவர்கள் முன்னாலேயே விளக்க வேண்டியதாயிற்று. சிரிப்பு நின்றது. அது இன்னும் மோசம்.

கடைசியில் பிரசவத்துக்கு வைக்கிற நீளப் பேட் ஒரு பொட்டலம் கொடுத்தார். "எல்லாம் பஞ்சுதான். உறிஞ்சுறதுக்குப் பேரா முக்கியம்?"

ஏப்ரல் 17

படுக்கை முழுக்க ஈரம். டயப்பர் நனையவேயில்லை. பொட்டலத்திலிருந்து எடுத்தது போலவே இருந்தது.

ஏப்ரல் 18

இன்றைக்கும் அதே. பேட் கனத்துத் தொங்குகிறது, டயப்பர் காய்ந்து கிடக்கிறது, நடுவில் எப்படியோ விரிப்பு நனைந்துவிடுகிறது. டயப்பரின் தொடை மடிப்பு சரியாக நிற்கவில்லையோ என்று விரலை விட்டு எடுத்துவிட்டேன். இடுப்புப் பட்டையை இறுக்கினேன். அப்பா "ம்ம்" என்றார். வலித்ததா என்று கேட்கவில்லை.

மாற்றும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். நான் சுவர்க் காலண்டரைப் பார்ப்பேன். முடிந்ததும் ஒரு கேள்வி, ஒரு பதில்.

"மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சு."

என் ஆய்வு இந்த 'ஆச்சு'வைப் பற்றியதுதான். வந்தேன் என்றால் நான், வந்தான் என்றால் அவன். வந்தாச்சு என்றால் யார்? யாரும் இல்லை. செய்தவரைக் காட்டாமல் செயலை மட்டும் காட்டும் வினை. பேசுபவர் எந்த இடங்களில் தன்னை மறைத்துக்கொள்கிறார் என்பது மூன்றாம் இயல். அது இன்னும் எழுதப்படவில்லை.

ஏப்ரல் 20

இரண்டு பேட் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தேன். முன்னதைவிடச் சீக்கிரம் ஒழுகியது. கால் இரண்டும் சேராமல் தவளை மாதிரி கிடந்தார்.

"என்னத்தடா வச்சிருக்க, தலகாணியா?" என்றார். டா போட்டால் நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று அர்த்தம். எனக்கு அது இல்லை.

ஏப்ரல் 21

பதினோரு மணிக்குள் மூன்றாவது விரிப்பு. நெறியாளர் மூன்றாம் இயல் எங்கே என்று செய்தி அனுப்பியிருந்தார். சொல்லக் கூடாதது ஒன்று சொல்லியாயிற்று. அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மதியம் ரசம். நன்றாகவே வந்திருந்தது.

ஏப்ரல் 23

கண்டுபிடித்துவிட்டேன்.

அடுப்படித் தரையில் டயப்பரை விரித்து, மேலே பேட்டை வைத்து, ஒரு தம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு நீல மை கலந்து ஊற்றினேன். பேட் குடித்தது. நிறைந்ததும் ஓரங்களில் வழிந்து தரைக்கு ஓடியது. தூக்கிப் பார்த்தால் டயப்பரில் ஒரு நீலப் பொட்டுகூட இல்லை. பேட்டைத் திருப்பினேன். முதுகு முழுக்க வழுவழுவென்று பிளாஸ்டிக். உடைக்குக் கறை போகாமலிருக்க ஒட்டிய தாள். அது ஒரு சொட்டைக்கூடக் கீழே விடாது. டயப்பர் எப்படி நனையும்?

பூஸ்டர் பேட்டுக்கு இந்த முதுகு கிடையாதாம். இப்போதுதான் தேடிப் படித்தேன். தான் நிறைந்ததும் மிச்சத்தைக் கீழே விடுவதுதான் அதன் வேலை. ஒரு வாரம் துவைத்தபின் படிக்கிறேன். முனைவர் பட்ட ஆய்வாளர்.

அப்பா கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "வால்வ அடைச்சிப் போட்டுட்டு டேங்க் நிறையலன்னு அழுதா யாரு என்ன செய்ய?" என்றார்.

அவருக்கு எல்லாமே வால்வுதான். பேரூராட்சியில் முப்பத்தோரு வருடம் குழாய் திறந்துவிட்டவர். ஆள் உயரத்துக்கு டி வடிவத்தில் ஒரு சாவி. அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார். குழிக்குள் சாவியை இறக்கி இத்தனை திருகு என்று எண்ணித் திறப்பார், எண்ணி அடைப்பார். எந்தத் தெருவுக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் என்பது அவர் தலைக்குள் இருந்தது. அதற்குப் பெயர் முறை. தண்ணிக்காரக் கொம்பையா என்றால் ஊருக்கே தெரியும். வெளியூர்க்காரர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை.

ஏப்ரல் 24

பேட்டின் முதுகைக் கத்திரியால் நாலைந்து இடத்தில் கீறி வைத்தேன். தண்ணீர் இறங்கியது. கூடவே உள்ளேயிருந்த கூழும் இறங்கித் தொடையெல்லாம் ஒட்டிக்கொண்டது. துடைக்க முக்கால் மணி நேரம். அவர் கண்ணை மூடியே இருந்தார். அழுதேனா என்று காலண்டருக்குத் தெரியும்.

ஏப்ரல் 29

உண்மையான பூஸ்டர் பேட் கூரியரில் வந்தது. அண்ணன் அனுப்பச் சொன்னது. மெல்லியதாக, இருபுறமும் துணி மாதிரி. நீல மைச் சோதனை செய்தேன். முதலில் பேட், பிறகு டயப்பர். தரையில் ஒன்றும் இல்லை.

ஆண்களுக்கு முன்பக்கம் தள்ளி வைக்க வேண்டும். தொடை மடிப்புக்குள் அடங்க வேண்டும், அதன்மேல் ஏறக் கூடாது. நனைந்த பேட்டை மட்டும் உருவி எடுத்துவிட்டு, டயப்பர் காய்ந்திருந்தால் அப்படியே விடலாம்.

நாலரை மணி நேரம் தாங்கியது. எழுதினேன். இரண்டு பக்கம். நிறுத்தாமல்.

மே 1

தாள் ஒன்றில் நேரம் எழுதிக் கட்டிலுக்கு எதிரே ஒட்டினேன். காலை ஆறு, பதினொன்று, மாலை நான்கு, இரவு ஒன்பது. நடுவில் எழுத்து.

அப்பா வெகுநேரம் அதைப் படித்தார். "முறை போட்டாச்சு" என்றார்.

"ஆமா. இப்பத்தான் எனக்கு மூச்சு விட முடியுது."

"கோடைக்கு முறை போட்டுத்தான் ஆகணும்."

கிண்டல் என்று நினைத்தேன். முகத்தில் கிண்டல் இல்லை.

மே 4

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. பதினொரு மணி முறைக்குப் போனால் டயப்பர் காய்ந்திருந்தது. பேட் மட்டும்தான் நனைந்திருந்தது. பேட்டை உருவி வேறு வைத்தேன். நான்கு நிமிடம். மேசைக்குத் திரும்பியபோது வாக்கியம் அறுந்த இடத்திலேயே காத்திருந்தது.

தலைமாட்டில் ஒரு சொம்பும் தம்ளரும் வைக்கிறேன். இடது கையால் எடுத்துக் குடித்துவிடுவார். அந்த ஒரு வேலையாவது எனக்கு இல்லை. போகும்போதெல்லாம் சொம்பு காலி.

மே 9

மூன்றாம் இயல் பாதி முடிந்தது.

அப்பா கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்கு வெளியே தானாக முளைத்த பப்பாளிக் கன்று ஒன்று இருக்கிறது. முற்றத்துத் துளசி கருகிவிட்டது. முருங்கை இலை உதிர்க்கிறது. இது மட்டும் தளதளவென்று நிற்கிறது. பப்பாளிக்கு வெயில் ஒத்துக்கொள்ளும் போல.

மே 12

சிறுநீர் அடர்மஞ்சள். வாடை கூடியிருக்கிறது. சூடுதான். மோர் கரைத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்றார். இளநீர்? வேண்டாம். "சும்மா சும்மா ஊத்தாத" என்றார். எரிச்சலாக வந்தது. வெயிலில் நடந்து போய் வாங்கி வந்த இளநீர். நானே குடித்தேன்.

மே 16

ஒரு நாளைக்கு இரண்டே டயப்பர். ஒரு மாதத்துக்கு முன் எட்டு. விரிப்பு துவைத்துப் பத்து நாளாகிறது. அண்ணனிடம் சொன்னேன். "நான்தான சொன்னேன்" என்றான். சரி, அவன்தான் சொன்னான்.

ஞானம்மாள் அக்கா முறுக்கு கொண்டுவந்தாள். அப்பாவைப் பார்த்துவிட்டு, "உதடெல்லாம் வெடிச்சிருக்கே" என்றாள். தேங்காய் எண்ணெய் தடவினேன்.

மே 19

'ஆச்சு' என்று முடியும் வாக்கியங்களை வகைப்படுத்தினேன். நூற்றுப் பன்னிரண்டு. வேலை முடிந்த நிம்மதிக்கு எழுபத்தொன்று. பழியிலிருந்து நழுவுவதற்கு இருபத்தாறு. மிச்சம் பிடிபடவில்லை.

மே 23

மலச்சிக்கல். எனிமா. இதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

நெறியாளர் மூன்றாம் இயலைப் படித்துவிட்டு, "நன்று. தொய்வில்லாமல் இருக்கிறது" என்று எழுதியிருந்தார். தொய்வில்லாமல் இருப்பதற்கு யார் காரணம் என்று அவருக்குத் தெரியாது. ஒரு பஞ்சுத் தாள்.

மே 27

மிக நல்ல நாள். அப்பா நாள் முழுக்கத் தூங்கினார். பதினொரு பக்கம்.

மே 29

காலையில் உடம்பு கொதித்தது. எழுப்பினால் எழவில்லை. பிறகு எழுந்து என்னை அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டார். இடது கை காற்றில் எதையோ பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தது. எண்ணினார். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது.

பேட் கிட்டத்தட்டக் காய்ந்திருந்தது. நேற்று இரவு வைத்த பேட்.

ஆம்புலன்ஸ்.

மே 30

அரசு மருத்துவமனை. சிறுநீர்த் தொற்று. உடம்பில் நீரே இல்லை. குளுக்கோஸ் மூன்றாவது பாட்டில் போகிறது.

டாக்டர் என் வயசுப் பெண். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று கேட்டாள். நான்கு சொம்பு என்றேன். நான்கு சொம்பு குடித்தவருக்கு நாக்கு இப்படி இருக்காது என்றாள். நான் வைக்கிறேன், காலியாகிறது என்றேன்.

"நீங்க வைக்கிறீங்க. அவர் குடிக்கிறத நீங்க பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அப்பாவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. கண்ணைத் திறந்து பாட்டிலைப் பார்த்தார். அதிலிருந்து சொட்டுவதைப் பார்த்தார்.

"இதுக்குத் திருகு எங்க இருக்கு?" என்றார்.

"எதுக்குப்பா?"

"கூடப் போகுது. உனக்கு எழுத்து வேலை கெடக்கு."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அந்த ஒரு நிமிடத்தை இங்கே குறித்து வைக்க வேண்டும். பிறகுதான் பப்பாளி ஞாபகம் வந்தது.

"தண்ணிய ஜன்னல் வழியா ஊத்துனீங்களா?"

பக்கத்துக் கட்டில்காரர் வானொலியில் ஏதோ விளம்பரம் ஓடியது. அது முடிந்ததும் அப்பா சொன்னார்.

"நீதான கேட்ட தாயி, அடக்கிக்கிட ஏலாதான்னு. அடக்க எனக்கு ஏலாது. அடைக்க ஏலும். முப்பத்தோரு வருசம் செஞ்ச வேலைதான. மேல அடைச்சா கீழ வராது."

பிறகு, யாருக்கோ கணக்கு ஒப்புவிப்பது போல: "அடைச்சாச்சு."

ஜூன் 2

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஜன்னல் கட்டையில் தண்ணீர் வழிந்த உப்புத் தடம் வெள்ளையாக இருக்கிறது. ஒரு மாதமாக அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் நின்று பேட் மாற்றினேன்.

நோட்டைப் புரட்டினேன். எல்லாமே எழுதியிருக்கிறேன். மஞ்சள், வாடை, உதடு, மோர், மலச்சிக்கல், தூக்கம். ஒரு டாக்டர் இதைப் படித்திருந்தால் மே 12லேயே எழுந்து ஓடியிருப்பாள். எழுதியவள் பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

எழுதியவள். பார், இங்கும் நழுவுகிறேன். நான்.

ஏப்ரல் 21இல் ஒரு வாக்கியம் இருக்கிறது. "சொல்லக் கூடாதது ஒன்று சொல்லியாயிற்று." என் பட்டியலில் இருபத்தாறுக்குள் வர வேண்டியது. திருத்தி எழுதுகிறேன்.

நான் சொன்னேன். நனைந்த விரிப்பை அவர் கால்மாட்டில் விட்டெறிந்துவிட்டுச் சொன்னேன். "ஒரு மணி நேரம் அடக்கிக்கிட ஏலாதா உங்களால? எனக்குன்னு ஒண்ணு வேண்டாமா? இப்பிடியே உங்க மூத்திரத்த அள்ளியே சாகணுமா நான்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கே பப்பாளி நின்றது.

ஜூன் 4

குடிக்க மாட்டேன் என்கிறார். கெஞ்சினேன். மிரட்டினேன். குழந்தைக்குப் புகட்டுகிற பாலாடையில் ஊற்றினால் வாயோரம் வழிய விடுகிறார். பத்தாம் தேதி போகட்டும், பிறகு குடிக்கிறேன் என்கிறார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். இன்னொரு தடவை இப்படி வந்தால் சிறுநீரகம் போய்விடும். "ஆறு நாள்தான" என்றார்.

என் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அம்மா அடிக்கடி கேட்பாள்.

ஜூன் 5

சுவரில் ஒட்டிய தாளைக் கிழித்தேன். அவர் பார்க்கும்படி.

நெறியாளருக்குக் கடிதம் எழுதினேன். சத்தமாக வாசித்தும் காட்டினேன். "நான் பத்தாம் தேதி சமர்ப்பிக்கப் போவதில்லை. என் தந்தையைக் கவனிக்க நான் தவறினேன். இப்போது நான் கவனிக்க வேண்டும். நான் நீட்டிப்புக் கோருகிறேன். மறுக்கப்பட்டால் அதை நான் ஏற்கிறேன்." ஒரு பத்திக்குள் ஐந்து 'நான்'. தமிழில் இத்தனை தேவையில்லை. வினைமுற்றே சொல்லிவிடும். ஒன்றைக்கூட அடிக்கவில்லை.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஜனவரிக்குப் பிறகு அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. ஒன்றரை மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது எதற்கு, இதைக் கேட்கவா என்றார். கூறுகெட்ட சிறுக்கி என்றார். எல்லாம் சரி.

கடிதத்தை அனுப்பினேன். அவர் கண்முன்னேயே.

"போயிட்டா?"

"நான் அனுப்பிட்டேன்."

அவர் இடது கையை நீட்டினார். தம்ளரைக் கொடுத்தேன். பாதி குடித்தார். மீதியோடு தம்ளர் ஜன்னல் பக்கம் போனது. முறைத்தேன். அதையும் குடித்தார்.

ஜூன் 8

டயப்பர் ஐந்து. விரிப்பு ஒன்று. பேட் வைத்தாலும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன். ஈரம் இல்லை என்பது நல்ல செய்தி இல்லை என்று படித்துக்கொண்டேன். இன்று சிறுநீர் வெளிறிய மஞ்சள். அதை அரை நிமிடம் நின்று பார்த்தேன்.

எரிச்சல் போய்விடவில்லை. இடுப்பு வலிக்கிறது. அண்ணன் யூட்யூபில் வேறொன்று கண்டுபிடித்திருக்கிறான். நீ வந்து மாட்டிவிடு என்றேன். லைன் கட்டாகிவிட்டதாம்.

ஜூன் 10

பதில் இல்லை.

ஜூன் 11

இன்றைக்கும் பதில் இல்லை.

காலையில் இரண்டு தம்ளர் கஞ்சித்தண்ணீர், ஒரு சொம்பு தண்ணீர். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்பதரைக்கு வந்தால் பேட் நிறைந்து, டயப்பர் நிறைந்து, விரிப்பு, ரப்பர் ஷீட், மெத்தை ஓரம் எல்லாம் ஈரம். பேட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்துவிட்டேன் போல.

"எதுவரைக்கும் போயிருக்கு?" என்றார்.

"மூணாம் தெரு வரைக்கும்."

"கடைசி வீட்டுக்குக் கெடைச்சிதா?"

"கெடைச்சிட்டு."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். துடைத்தேன். களிம்பு தடவினேன். காலண்டரில் இன்னும் மே மாதமே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் கையைப் பார்த்துச் செய்தேன். அவர் தொடை இவ்வளவு மெலிந்திருந்தது எனக்குத் தெரியாது. புது டயப்பர், உள்ளே பேட், முன்பக்கம் தள்ளி. மடிப்பை எடுத்துவிட்டேன்.

"மாத்தியாச்சா?"

"நான் மாத்திட்டேன்பா."

கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"பப்பாளி வாடுது" என்றார். "அதுக்கும் முறை உண்டு. ஒரு சொம்பு ஊத்து."

ஊற்றினேன்.